புதுக் கம்பத்தில் பழைய சேறு

"முதல்ல வாயில இருக்கிறதைத் தூக்கிப் போடு," என்றாள் அண்ணி. "கேஸ் குடுத்தவர் வர்ற நேரம். மாடு மாதிரி அசை போட்டுட்டு நிக்காதே."

"மாட்டை விசாரணைக்கு அனுப்பினா நல்லாத்தான் இருக்கும் அண்ணி. எவ்வளவு பொய் சொன்னாலும் தலையாட்டிக் கேட்டுக்கும்."

கொழுந்தன் சுற்றுமுற்றும் பார்த்தான். கடைத்தெருவில் குப்பை நிறைய இருந்தது, குப்பைத் தொட்டி இல்லை. பக்கத்தில் நின்ற கம்பத்தின் ரப்பர் மூடியை லேசாகத் தூக்கி, மென்று மென்று வெளுத்துப்போன பச்சைச் சூயிங்கத்தை அதன் உள்விளிம்பில் அப்பினான். தழும்போடிய கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தி, மூடியை மறுபடி கவிழ்த்தான்.

அண்ணிக்குக் குமட்டியது. வாகன இன்சூரன்ஸ் கம்பெனியில் சேதம் பார்க்கும் வேலையில் இருந்தபோது நசுங்கிய கார், எரிந்த லாரி, அதற்குள் மிச்சமிருந்தவை என்று எவ்வளவோ பார்த்தவள். அந்த வேலையை விட்டுத் தனியாகத் துப்பறியக் கிளம்பியபோது, புருஷனின் தம்பி "ஒரு வாரம் கூட வர்றேன்" என்று ஒட்டிக்கொண்டான். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை. அவன் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, கேஸ் கொண்டு வருகிறவர்களுக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். இவனுடைய இந்தச் சூயிங்கம் பழக்கம் மட்டும் அவளுக்கு இன்றுவரை பழகவில்லை.

"கையைத் துடை. அவர் வர்றார்."

சைக்கிள் பாதைப் பாதுகாப்புக் குழுவின் தலைவர் தம் மெல்லிய சைக்கிளில் மிதந்து வந்தார். தலையில் பளபளக்கும் ஹெல்மெட், முகத்தில் தயாராக வைத்திருந்த துக்கம். பின்னால் இருந்த தகரப் பலகையில் அதே முகம் சிரித்துக்கொண்டிருந்தது. 'இந்தப் பாதை எங்கள் பராமரிப்பில்' என்றது பலகை.

பாதை என்பது இந்தத் தெருவின் இடது ஓரமாக ஓடும் ஒரு பட்டை. சைக்கிள் போக மட்டும். அதற்கும் மற்ற வண்டிகளுக்கும் நடுவே இடுப்பு உயரத்துக்கு ஆரஞ்சு உறை மாட்டிய இரும்புக் கம்பங்கள், தரையோடு போல்ட் போட்டு முடுக்கியவை. நகராட்சி வருடா வருடம் நிதி கொடுக்கும். கம்பங்களை வாங்குவதும் நட்டுப் பராமரிப்பதும் தலைவரின் குழு. இப்படி இரண்டு பாதைகள் குழுவின் கையில்: ஒன்று இந்தக் கடைத்தெரு, இன்னொன்று ஊரின் மறுகோடியில் நூலகச் சாலை.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு விடியலில் இங்கே கம்பம் ஒன்றுகூட இல்லை. ரொட்டிக்கடை வேன் பாதைக்குள் திரும்பியது. இரவு வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பிய நர்ஸ் ஒருத்தி அதன் சக்கரத்தில் மாட்டினாள். ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

"கம்பத்தைப் பிடுங்கினது அந்த ரொட்டிக்கடைக்காரன்தான் மேடம்," என்றார் தலைவர். "வேன் நிறுத்த இடம் வேணும்னு. பாதை போட்ட நாள்லேருந்து எங்களைத் திட்டிட்டிருக்கான். இன்னைக்கு சாயங்காலம் நகராட்சிக் கூட்டம். உங்க அறிக்கையை அங்க வாசிக்கிறோம். போலீஸ் காத்திட்டிருக்காங்க."

"தெரியாம இடிச்சா விபத்து. கம்பத்தைப் பிடுங்கிட்டு இடிச்சா வேற கேஸ். வெளியே வரக் கிழவனாயிடுவார்," என்றாள் அண்ணி.

"ஆகட்டுமே. அந்தப் பொண்ணு கால் திரும்பி வருமா?" தலைவர் கைக்குட்டையால் கண் ஓரத்தை ஒற்றினார். "சம்பவத்தன்னைக்கு நான் நூலகச் சாலையில நகராட்சிச் சேர்மனுக்கு நம்ம பாதையைச் சுத்திக் காட்டிட்டிருந்தேன். ஃபோட்டோ எடுக்கும்போது ஃபோன் வந்தது. அப்படியே தரையில உக்காந்துட்டேன். மறுநாளே இங்க புத்தம்புதுக் கம்பம் வாங்கி நட்டாச்சு. அந்தப் பொண்ணுக்காக."

"அந்தப் பொண்ணு பார்த்தாங்களா?" என்றான் கொழுந்தன்.

தலைவர் அவனைப் பார்க்கவில்லை. "இன்னைக்கு வருஷாந்திர ஆய்வு வேற. நகராட்சிப் பொறியாளர் இப்ப இந்தத் தெருவைப் பார்ப்பார். சாப்பாட்டுக்கு அப்புறம் நூலகச் சாலை. நான் வரட்டுமா?"

அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு நகர, அண்ணி கம்பங்களின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். சற்றுத் தள்ளி, குழுவின் பெயர் எழுதிய மூடிய வண்டி ஒன்று மரநிழலில் நின்றது. இரண்டு ஆட்கள் அதன் படியில் ஸ்பானரும் கையுமாகச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

"இவங்க எதுக்குக் காத்திட்டிருக்காங்க அண்ணி? கம்பம் பழுக்கணுமோ?"

அவள் ஒரு கம்பத்தை விரலால் சுரண்டினாள். காய்ந்த சேறு உதிர்ந்தது. அடுத்ததிலும் சேறு. வண்டிச் சக்கரம் வாரியடித்த மாதிரி, முழங்கால் உயரத்துக்குத் தெறித்துக் காய்ந்து கெட்டியான சேறு.

"தம்பி, கடைசியா மழை எப்ப பெய்ஞ்சது?"

"நீங்க புதுக் குடை வாங்கினதுக்கு முன்னாடி. அது இன்னும் பிரிக்காம இருக்கு. ரெண்டு மாசம் இருக்குமா?"

"இந்தக் கம்பம் ரெண்டு வாரத்துக்கு முன்னாடி நட்டது. புத்தம்புதுசு."

கொழுந்தன் குனிந்து பார்த்தான்.

"இன்னொண்ணும் பாரு. வண்டி போறது அந்தப் பக்கம். சேறு இருக்கிறது எந்தப் பக்கம்?"

சேறு சைக்கிள் பாதையைப் பார்த்திருந்தது. வண்டிகள் போகும் பக்கம் கம்பம் சுத்தமாக இருந்தது.

"சைக்கிள் இவ்வளவு சேத்தை வாரியடிக்காது," என்றான். "யானை ஓட்டினாலும்."

அண்ணி எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டாள். அதற்குள் நகராட்சிக் கார் வந்து நின்றது. பொறியாளர் கண்ணாடியை இறக்கி, கம்பங்களை ஒரு பார்வை பார்த்து, தலையசைத்துக் கண்ணாடியை ஏற்றினார். கார் நகர்ந்தது. அதுதான் ஆய்வு.

---

ரொட்டிக்கடைக்காரருக்கு யாரையும் பிடிக்காது போலிருந்தது. முன்கை முழுக்க மாவு, கண்ணில் தூக்கம் கெட்ட சிவப்பு. உள்ளே அடுப்பு அனலில் காலி ரொட்டித் தட்டுகள் சுவரோரமாக ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன.

"அவன் அனுப்பிச்ச ஆளா? போங்கம்மா. சொல்ல வேண்டியதெல்லாம் போலீஸ்ல சொல்லியாச்சு."

"எங்கிட்ட ஒரு தடவை சொல்லுங்க."

"இந்தப் பாதையை நான் கேட்கல. எனக்கு வேணாம். மனு எழுதினேன், சண்டை போட்டேன், ஒரு நாள் கோபத்துல கம்பத்தை எட்டி உதைச்சேன். கால் வீங்கினதுதான் மிச்சம். அதுக்கு ரெண்டு சாட்சி வெச்சிருக்கான் அவன்." மாவை மேசையில் ஓங்கி அறைந்தார். "நான் இடிச்சேன். அது உண்மை. பிடுங்கல. அதுவும் உண்மை."

"கம்பம் இல்லைன்னு எப்ப தெரிஞ்சுது?"

"அன்னைக்குக் காலைல வேனைத் திருப்பும்போது. சரி, சனியன் ஒழிஞ்சதுன்னு சந்தோஷமா உள்ளே விட்டேன். கண்ணாடியைக்கூடப் பார்க்கல." அவர் குரல் தணிந்தது. "அந்தச் சந்தோஷம் எவ்வளவு நேரம்னு நினைக்கிறீங்க? ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்தப் பொண்ணோட அம்மா என் மூஞ்சியைப் பார்த்ததும் கதவைச் சாத்திட்டாங்க. சாத்த வேண்டியதுதான்."

"ராத்திரி இங்கதானே படுக்கிறீங்க? கழட்டுற சத்தம் கேட்கலையா?"

"மாவு பிசையற மெஷின் ஓடினா இடி விழுந்தாலும் கேட்காது. ஆனா ஒண்ணு சொல்றேன். கம்பம் போறதும் வர்றதும் புதுசு இல்ல. முன்னாடியும் நாலஞ்சு தடவை காணாம போயிருக்கு. ரெண்டு நாள்ல திரும்பி வந்து நிக்கும். பெயிண்ட் அடிக்கக் கொண்டு போறாங்கன்னு நினைச்சேன்."

"பெயிண்ட் அடிச்சு வந்ததா?"

அவர் மாவிலிருந்து கையை எடுத்தார். "இல்லையே," என்றார் மெதுவாக.

வெளியே வந்ததும் கொழுந்தன் சொன்னான்: "அடைச்ச நாய் மாதிரி குரைக்கிறார் அண்ணி. ஆனா பொய் சொல்றவன் இவ்வளவு மோசமாப் பேச மாட்டான். கொஞ்சமாவது சர்க்கரை சேர்ப்பான்."

"ஸ்கூட்டரை எடு. நூலகச் சாலைக்குப் போகணும்."

"அங்க என்ன?"

"கம்பத்தோட அடித்தட்டுல ஒரு முனை நீட்டிட்டு இருந்தது, பார்த்தியா? தரையில அதுக்குன்னு ஒரு பள்ளம். வண்டி போற திசையைப் பார்த்து ஒரே பக்கமாத்தான் பொருந்தும். கம்பம் இங்கேயே நின்னிருந்தா சேறு வண்டிப் பக்கம்தான் இருக்கணும். வேற ஒரு சாலையில, பாதை வலது பக்கமா ஓடுற சாலையில, நின்னு சேறு வாங்கிட்டு இங்க வந்தா?"

"திரும்பி நிக்கும்." கொழுந்தன் சாவியைத் திருகினான். "நூலகச் சாலையில பாதை எந்தப் பக்கம்?"

"வலது பக்கம்," என்றாள் அண்ணி.

---

நூலகச் சாலையில் பாதை இருந்த இடத்தில் வெள்ளைக் கோடு மட்டும் இருந்தது.

கம்பங்கள் இருந்திருக்க வேண்டிய ஓட்டைகளில் சிகரெட் துண்டுகள். பாதைக்குள் ஒரு லாரி நின்று செங்கல் இறக்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் யாரோ கொட்டிய கட்டட இடிபாடு, அதன்மேல் ஒரு பழைய மெத்தை, மெத்தையின் மேல் ஒரு நாய். கைப்பிடியில் பையைத் தொங்கவிட்டு, பின்னால் குழந்தையைக் கட்டியிருந்த ஒரு பெண் லாரியைச் சுற்றிக்கொண்டு நடுச்சாலைக்கு வந்தாள். ஒரு பேருந்து அவள் முழங்கையை உரசுகிற மாதிரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. குழந்தை அதற்குக் கை காட்டியது.

அண்ணிக்குக் கோபம்கூட இல்லை. ஊசிப்போன எதையோ தெரியாமல் வாயில் போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது.

இங்கேயும் ஒரு தகரப் பலகை. அதே சிரிப்பு.

"ஒரு செட்டு," என்றாள். "ரெண்டு தெருவுக்கு நிதி வாங்கிட்டு, வாங்கினது ஒரே செட்டுக் கம்பம். யார் எங்க பார்க்க வர்றாங்களோ அங்க கொண்டு போய் நடுறது. ஆள் போனதும் கழட்டுறது."

"கல்யாண வீட்டுல நாற்காலி வாடகைக்கு எடுக்கிற மாதிரி." கொழுந்தன் மொபைலில் படம் எடுத்துக்கொண்டே போனான். பிறகு நின்றான். "அண்ணி. அன்னைக்குச் சேர்மன் எங்க இருந்தார்னு சொன்னார் அந்த ஆளு?"

"இங்க."

"அப்ப கம்பமும் இங்க. கடைத்தெரு காலி." அவன் குரலில் கிண்டல் போய்விட்டது. "தான் கடைத்தெருவுல இல்லைன்னு சொல்லி அழுதாரே, அதுவே குற்றமா?"

"அவரே எடுத்துக் குடுத்துட்டார். நமக்குத்தான் வாங்கத் தெரியல."

"ஆனா நம்மளை ஏன் கூப்பிட்டார்?"

"அவருக்குத் துப்பறியும் ஆள் வேணாம். கையெழுத்து வேணும். ரொட்டிக்கடைக்காரர் உள்ள போயிட்டா கம்பத்தைப் பத்தி இனிமே யாரும் கேட்க மாட்டாங்க." அவள் ஸ்கூட்டரில் ஏறினாள். "பொறியாளர் எங்க சாப்பிடுறார்னு கண்டுபிடி. இந்தக் காலி ஓட்டையை அவர் கண்ணால பார்க்கணும். இப்பவே."

---

கண்டுபிடிக்கக் கஷ்டப்படவில்லை. நகராட்சிக் கார் ஊரின் நல்ல ஓட்டல் வாசலில் நின்றது.

குளிரூட்டிய உள்ளறையில் பொறியாளர் எலும்பு ஒன்றைக் கவனமாக உறிஞ்சிக்கொண்டிருந்தார். எதிரே தலைவர், ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு. அண்ணி எல்லாவற்றையும் சொல்லவில்லை. "நூலகச் சாலையில கம்பமே இல்ல சார். வந்து பாருங்க," என்றாள்.

"போகத்தானேம்மா போறோம். சாப்பாட்டுக்கு அப்புறம்."

"இப்ப போகணும்."

"கையைப் பாருங்க." பொறியாளர் எண்ணெய் வழியும் விரல்களை அவள் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினார். "இந்தக் கையோட எப்படி வர்றது? உக்காருங்க. ஏதாவது சாப்பிடுறீங்களா?"

தலைவர் மொபைலை எடுத்துப் பார்த்தார். "ஒரு நிமிஷம். வீட்டுலேருந்து," என்று எழுந்து வெளியே போனார். திரும்பி வரும்போது அவர் முகம் இன்னும் நிதானமாகியிருந்தது. பொறியாளர் இனிப்பு கேட்டார். பிறகு இன்னொரு இனிப்பு. பிறகு பல் குத்த ஒரு குச்சி.

கொழுந்தன் அண்ணியின் காதருகே குனிந்தான். "கல்யாணப் பந்தியிலகூட இப்படி ஒரு மனுஷனைப் பார்த்ததில்ல. இவரை உறவுக்காரங்க எப்படிச் சமாளிக்கிறாங்க?"

நூலகச் சாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது.

ஆரஞ்சுக் கம்பங்கள் வரிசையாக நின்றன. சேறு வண்டிப் பக்கம், இருக்க வேண்டிய இடத்தில். லாரி இல்லை. இடிபாடு ஓரத்துக்குத் தள்ளியிருந்தது. நாய் மட்டும் மெத்தையோடு இடம் மாறி, அதே தூக்கத்தில் இருந்தது.

பொறியாளர் கண்ணாடியை இறக்கினார், பார்த்தார், தலையசைத்தார். "என்னம்மா? எல்லாம் நிக்குதே."

"மேடம் வேற தெருவுக்குப் போயிருப்பாங்க," என்றார் தலைவர். "இந்தப் பக்கம் தெருவெல்லாம் ஒரே மாதிரி இருக்கும்."

கொழுந்தன் மொபைலை நீட்டினான். பொறியாளர் படத்தைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார். "இது எந்தத் தெருவுக்கும் பொருந்தும் தம்பி. எப்ப எடுத்ததுன்னு யார் கண்டா? ஃபோன்ல தேதியை மாத்தறது என் பேத்திக்கே தெரியும்."

அண்ணி கீழே இறங்கினாள். முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. சாயங்காலம் கூட்டம். இந்த இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே மேடை ஏறுவார்கள். ரொட்டிக்கடைக்காரரை மாவுக் கையோடு இழுத்துக்கொண்டு போவார்கள். அவள் வரிசையின் ஓரமாக நடந்தாள். ஒரு கம்பத்தின் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

விரலில் ஏதோ பிசுபிசுத்தது.

கையை எடுத்தாள். ரப்பர் மூடியின் விளிம்புக்கு அடியிலிருந்து மெல்லிய பச்சை நூல் ஒன்று அவள் விரலோடு நீண்டு வந்தது. வெயிலில் இளகியிருந்தது. லேசாகப் புதினா வாசனை.

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த அருவருப்பு அவளுக்கு இனித்தது. விரலைத் துடைக்காமல் பின்னால் மறைத்துக்கொண்டு திரும்பினாள்.

"சார், ஒரே ஒரு கேள்வி," என்றாள் தலைவரிடம். "காலைல கடைத்தெருவுல நின்ன கம்பமெல்லாம் இப்ப எங்க?"

தலைவர் தயங்கவே இல்லை. "ஆய்வு முடிஞ்சதும் பெயிண்டுக்குக் கழட்டிட்டோம். எங்க ஷெட்டுல பூட்டியிருக்கு. நாளைக்குத் திரும்ப நட்டுருவோம்."

"அதுவும் இதுவும் வேற வேற செட்டு?"

"சந்தேகமே வேணாம் மேடம். அது அங்க, இது இங்க. ஒரு கம்பம்கூட இடம் மாறாது. அதுக்குத் தனியா ஆள் வெச்சிருக்கேன்."

"பொறியாளர் சார், கேட்டீங்கல்ல?"

"கேட்டேன், கேட்டேன்."

"தம்பி, காலைல சூயிங்கத்தை எங்க ஒட்டினே?"

கொழுந்தனின் முகம் சுருங்கியது. "அதை இப்ப எதுக்கு அண்ணி பெரிய மனுஷங்க முன்னாடி..." என்று ஆரம்பித்தவன் அவள் விரலைப் பார்த்தான். பச்சை நூலைப் பார்த்தான். அவன் வாய் மெல்ல மெல்லக் காதுவரை போனது.

"ரொட்டிக்கடை எதிர்ல," என்றான். "கடைத்தெருவுல. மூடிக்கு உள்ள."

அண்ணி மூடியைக் கழற்றி, பொறியாளரின் மூக்குக்கு நேரே பிடித்தாள். உள்விளிம்பில் பச்சைச் சூயிங்கத்தின் ஒரு முனை இழுபட்டிருந்தது. மீதியில் ஒரு கட்டைவிரல் தெளிவாகப் பதிந்திருந்தது. அதன் நடுவே குறுக்காக ஒரு கோடு. கொழுந்தன் தன் கட்டைவிரலைப் பக்கத்தில் நீட்டினான். அதே இடத்தில் அதே கோடு.

"டின் மூடி கிழிச்சது," என்றான் பணிவாக. "அண்ணியோட அடுப்படியில. அன்னைக்குத் திட்டு வாங்கினேன். இன்னைக்குப் பலன் கிடைச்சுது. சார், ஷெட்டுல பூட்டின கம்பம் எங்களுக்கு முன்னாடி இங்க வந்துடுச்சே. சைக்கிள்லயா வந்தது?"

தலைவர் ஹெல்மெட்டின் வாரை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொறியாளர் சூயிங்கத்திலிருந்து கண்ணை எடுத்தார். "இதப் பாருங்கம்மா. நான் காலைல அந்தத் தெருவைப் பார்த்தேன், கம்பம் இருந்தது. இப்ப இந்தத் தெருவைப் பார்க்கிறேன், கம்பம் இருக்கு. ரெண்டையும் ஒரே நேரத்துல பார்க்கணும்னு விதியில எங்கேயும் இல்லையே."

அந்த வாக்கியத்தை அண்ணி மனதுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எந்தப் பக்கம் திருப்பினாலும் நாறியது.

"இல்லதான் சார். அதனால என் அறிக்கையில நீங்க பார்த்ததை மட்டும் எழுதுறேன். காலைல கண்ணாடியை இறக்கினீங்க, ஏத்தினீங்க. மத்தியானம் கம்பம் இல்லைன்னு நான் வந்து சொன்னப்புறமும் ரெண்டாவது இனிப்பு கேட்டீங்க. எவ்வளவு நேரம் சாப்பிட்டீங்கன்னு ஓட்டல்ல கேட்டா சொல்லுவாங்க. யார் வாங்கிக் குடுத்தாங்கன்னும் சொல்லுவாங்க."

பொறியாளர் பல் குத்தும் குச்சியைக் கீழே போட்டார். கார்க் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். அன்றைக்கு அவர் கால் தரையில் பட்டது அப்போதுதான்.

"எனக்கு அப்பவே ஒரு சந்தேகம் இருந்தது," என்றார், தலைவரிடமிருந்து ஒரு அடி தள்ளி நின்று. "இந்த ஆளை நான் என்னைக்குமே நம்பினதில்ல."

"சார், நீங்களா இப்படி..." என்றார் தலைவர்.

"பேசாதீங்க. ஒரு பொண்ணோட கால் போயிருக்கு. உங்களுக்கு மனசாட்சி இருக்கா?" பொறியாளரின் மேலுதட்டில் இனிப்பின் பாகு இன்னும் மினுங்கியது.

கொழுந்தன் அண்ணியைப் பார்த்தான். சூயிங்கத்தோடு மூடியை அவள் கையிலிருந்து பத்திரமாக வாங்கிக்கொண்டான்.

அண்ணி பையிலிருந்து அறிக்கைத் தாளை எடுத்து ஸ்கூட்டர் இருக்கையில் வைத்தாள். பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

"கம்பத்தைப் பிடுங்கினது யார்னு கேட்டுத்தானே என்னைக் கூப்பிட்டீங்க? சொன்ன வேலையை முடிக்கணும்." தலைவரை நிமிர்ந்து பார்த்தாள். "உங்க இனிஷியல் பேருக்கு முன்னாடி வருமா, பின்னாடி வருமா?"

---

கூட்டத்துக்குப் போகும் வழியில் கடைத்தெருவுக்குப் போகச் சொன்னாள் அண்ணி. "கம்பம் இப்ப நூலகச் சாலையில இருக்கு. அப்படின்னா கடைத்தெரு காலி. சைக்கிள்லாம் வீடு திரும்புற நேரம்."

தெரு காலியாக இல்லை. வேன் கடைக்குப் பின்சந்தில் நெருக்கியடித்து நின்றது. கம்பங்கள் நின்ற கோடு நெடுகிலும் ரொட்டித் தட்டுகள் அடுக்கடுக்காக நின்றன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு மாவு மூட்டை. ரொட்டிக்கடைக்காரர் கடைசி மூட்டையை முதுகிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். தட்டுகளுக்கு அந்தப் பக்கம் பேருந்து போனது, இந்தப் பக்கம் இரண்டு சைக்கிள்கள் பேசிக்கொண்டே போயின.

"இந்தப் பாதை பிடிக்காதுன்னு சொன்னீங்க," என்றான் கொழுந்தன்.

"இப்பவும் பிடிக்கல. என் ரொட்டியை எதுல ஆற வைக்கிறது?" அவர் அண்ணியைப் பார்த்தார், பிறகு வேறெங்கோ பார்த்தார். "என்னைக் கொண்டு போயிடுவாங்களாம்மா?"

"பிடுங்கினதுக்கு இல்ல. பிடுங்கினது யார்னு எழுதியாச்சு. பொறியாளரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டுட்டார், தன்னைக் காப்பாத்திக்க. இடிச்சதுக்குக் கேஸ் நடக்கும்."

"நடக்கட்டும். அது நான் பண்ணினது." அவர் மூட்டையின் மேல் உட்கார்ந்தார். கையிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். "இது என்னன்னு பாருங்க. இப்பத்தான் நகராட்சிலேருந்து ஒருத்தன் வந்து குடுத்துட்டுப் போனான். பொறியாளர் கார்ல இந்தப் பக்கமாப் போகும்போது பார்த்துட்டு ஃபோன் பண்ணிச் சொன்னாராம்."

அண்ணி வாங்கிப் படித்தாள். பொதுச் சாலையில் தட்டுகளையும் மூட்டைகளையும் வைத்துப் போக்குவரத்துக்கு இடையூறு செய்ததற்கு அபராத நோட்டீஸ். உடனே அகற்றாவிட்டால் பறிமுதல்.

இத்தனை காலத்தில் இந்தப் பாதைக்காக நகராட்சி உடனுக்குடன் செய்த ஒரே காரியம் இதுதான்.

அவள் இன்னொரு தடவை படித்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"தம்பி, சூயிங்கம் ஒண்ணு குடு."

"அண்ணி?"

"குடுன்னா குடு."

கொழுந்தன் பயந்துகொண்டே ஒன்றை உரித்துக் கொடுத்தான். அவள் வாயில் போட்டு, தெருவைப் பார்த்துக்கொண்டு, அவசரப்படாமல் மென்றாள். பதமானதும் எடுத்து, நோட்டீஸின் பின்னால் வைத்து, தகரப் பலகையிடம் போனாள். தலைவரின் சிரித்த முகத்தின்மேல் 'போக்குவரத்துக்கு இடையூறு' என்ற வரி சரியாக நெற்றிக்கு வருகிற மாதிரி வைத்து, கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினாள்.

"மூட்டையை எடுக்காதீங்க," என்றாள் ரொட்டிக்கடைக்காரரிடம். "கூட்டம் முடிஞ்சு நாங்க வர்றவரைக்கும் அப்படியே இருக்கட்டும். யாராவது கேட்டா, என் பேரைச் சொல்லுங்க."